கொல்லைப்புறத்துக்கு ஃபயர் பிட்: கடைக்குப் போகும் முன் டேப்பை எடுங்கள்

அமெரிக்காவில் தனி வீடு வாங்கிக் குடிபோகும் நம்மவர்கள் முதல் வருஷம் புல்வெளியோடு மல்லுக்கட்டுகிறார்கள். அடுத்த வருஷம் கொல்லையில் வெண்டையும் கத்தரியும் காய்க்கின்றன. அதற்குப் பிறகு ஏதோ ஒரு அக்டோபரில், பொழுது சீக்கிரம் சாய்ந்து, ஸ்வெட்டர் போட்டும் வெளியே அரை மணி நேரம் உட்கார முடியாத நாளில், நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார ஒரு ஃபயர் பிட் வாங்கிப் போட்டால் என்ன என்ற பேச்சு எழுகிறது. அந்த நேரம் பார்த்து வீட்டுச் சாமான் கடைகளில் அவற்றை வாசலிலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். பார்த்ததும் பிடித்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடத் தோன்றும்.

அப்படி வந்த பிட்டுகளில் பல, நாலைந்து முறை எரிந்துவிட்டு வேலியோரம் மழைநீர் தேங்கித் துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பிட் பெரும்பாலும் நல்ல பிட்தான். அந்தக் கொல்லைக்கும் அந்தக் குடும்பத்தின் மாலைப் பொழுதுக்கும் பொருந்தாமல் போயிருக்கும்.

அதனால் இந்த அத்தியாயத்தில் வழக்கமான வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் இடம், அப்புறம் ஊர்ச்சட்டம், அப்புறம் எரிபொருள், அதன் பிறகுதான் பிட். கூடவே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகள் கிளம்பிப் போன பிறகு, இரவு பத்தரை மணிக்கு, இந்த நெருப்பை அணைக்கப்போவது யார்? நேர்மையாகப் பதில் சொன்னால் பாதித் தேர்வு அதிலேயே முடிந்துவிடும்.

டேப் சொல்லும் பதில்

அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போங்கள். வீட்டின் பின்சுவர், மரவேலி, ஷெட், டெக், பக்கத்து வீட்டுக் கூரையின் விளிம்பு, தலைக்கு மேல் நீளும் மரக்கிளை என எரியக்கூடிய ஒவ்வொன்றிலிருந்தும் அளக்க வேண்டும்.

பல மாநிலங்களும் நகரங்களும் இன்டர்நேஷனல் ஃபயர் கோட் என்ற மாதிரி விதித்தொகுப்பைத் தங்கள் திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அதன்படி, தரையிலோ கல் வளையத்திலோ மூட்டும் சிறு விறகு நெருப்பு 3 அடி விட்டத்துக்கும் 2 அடி உயரத்துக்கும் மிகக்கூடாது. கட்டடத்திலிருந்தும் எரியக்கூடிய பொருள்களிலிருந்தும் அது 25 அடி தள்ளி இருக்க வேண்டும். கடையில் தயாராக விற்கும், நகர்த்தக்கூடிய பிட்டுகளுக்கு அந்தத் தூரம் 15 அடி. தனி வீடுகளுக்கும் இரட்டைக் குடியிருப்புகளுக்கும் இந்த 15 அடி விதியிலிருந்து மாதிரித் தொகுப்பு விலக்குத் தருகிறது. உங்கள் நகரம் அந்த விலக்கை நீக்கியிருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விலக்கு இருந்தாலும் 15 அடியைக் கைவிடாதீர்கள் என்பதே என் யோசனை. கோடை வெயிலில் காய்ந்த சிடார் வேலிக்கு ஒரு பொறி போதும்.

இந்த எண்களை ஒரு நிஜமான கொல்லையில் பொருத்திப் பார்க்கலாம். டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோ, பிளேனோ போன்ற ஊர்களின் புதுக் குடியிருப்புகளில் வீட்டின் பின்சுவருக்கும் ஆறடி வேலிக்கும் நடுவே 40 அடி இருந்தாலே தாராளம். வீட்டிலிருந்து 25 அடி விட்டால் வேலிக்கு மிஞ்சுவது 15 அடிதான். ஆகவே, கல் வளையம் கட்டி ஊர்ப்பக்கத்துக் கணப்பு மாதிரி எரிக்கலாம் என்ற ஆசையை அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். நடுமத்தியில் நகர்த்தக்கூடிய பிட் ஒன்றை வைத்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 19 அடி கிடைக்கும்; அது சரி. கொல்லையே 30 அடிதான் என்றால் பிட்டின் அகலத்தைக் கழித்த பிறகு 15 அடிகூடத் தேறாது. அந்த வீட்டுக்கு கேஸ் பிட்தான். கேஸ் பிட்டுக்கு எவ்வளவு இடைவெளி என்பதை அதன் கையேட்டில் அச்சடித்திருப்பார்கள். வாங்கும் முன்பே அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

டவுன்ஹவுஸ்காரர்களுக்கு மேலே சொன்ன விலக்கு பொருந்தாது. அபார்ட்மென்ட் பால்கனியில் எந்த வகைப் பிட்டும் வேண்டாம்.

கீழே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். கான்கிரீட், பேவர் கல், சரளை மூன்றும் நல்லவை. புல்தரையில் வைத்தால் வட்டமாகக் கருகும். மர டெக்கின் மேலும், சூட்டில் இளகும் காம்போஸிட் டெக்கின் மேலும் விறகு பிட் வைப்பதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். அடியில் போடும் வெப்பத் தடுப்பு விரிப்பு அடிப்பாகத்தை மட்டும் காக்கும். நான்கடி தள்ளி விழும் கங்கை அது என்ன செய்யும்? கூரை போட்ட பேட்டியோவுக்கும் இதே பதில்தான். கூரைக்கடியில் எரிக்கலாம் என்று கையேடு வெளிப்படையாகச் சொல்லி, எத்தனை அடி உயரம் தேவை என்றும் குறிப்பிட்டிருந்தால் மட்டும் கேஸ் பிட்டை வைக்கலாம்.

காற்றைப் பார்க்க நம் வீட்டிலேயே கருவி இருக்கிறது. பிட் வைக்க நினைக்கும் இடத்தில், நீங்கள் வழக்கமாக உட்காரப்போகும் நேரத்தில், ஒரு பூந்தொட்டி மண்ணில் ஊதுபத்தியைக் குத்தி வையுங்கள். ஒரு மாலை போதாது. ஒரு வாரம் பாருங்கள். வீட்டுக்கும் வேலிக்கும் நடுவில் காற்று சுழலும் விதம் வானிலைச் செயலி காட்டும் திசைக்கு நேர்மாறாகக்கூட இருக்கும். புகை உங்கள் சமையலறை ஜன்னலுக்குப் போகிறதா, பக்கத்து வீட்டுப் படுக்கையறைப் பக்கம் போகிறதா என்பது தெரிந்துவிடும். பக்கத்து வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருந்து, காற்றும் அந்தப் பக்கமே போகிறதென்றால் விறகை மறந்துவிடுங்கள். விறகுப் புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடியவை. நம் சந்தோஷத்துக்காக இன்னொருவர் வீட்டு ஜன்னலைச் சாத்த வைக்கக்கூடாது.

கேட்க வேண்டிய அனுமதிகள்

வீட்டுச் சங்கம், அதாவது ஹெச்.ஓ.ஏ. இருந்தால் அதன் விதிப்புத்தகத்தைப் புரட்டுங்கள். நகர்த்தும் பிட்டைப் பல சங்கங்கள் கண்டுகொள்வதில்லை. நிரந்தரமாகக் கட்டுவதற்குப் படத்தோடு விண்ணப்பம் கேட்பார்கள். நகரத் தீயணைப்புத் துறையின் பொது எண்ணுக்கு ஒரு போன் போட்டால் தூரம், அனுமதிச் சீட்டு இரண்டும் தெரிந்துவிடும். வீட்டுக் காப்பீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.

வருஷம் முழுக்க அனுமதி இருந்தாலும் சில நாள்களில் கிடையாது. டெக்சஸில் வறட்சிக் காலத்தில் கவுண்டி நிர்வாகம் எரிப்புத் தடை போடும். மீறினால் 500 டாலர்வரை அபராதம். கொல்லைப்புறப் பிட்டை அந்தத் தடை சேர்த்துக்கொள்கிறதா என்பது கவுண்டிக்குக் கவுண்டி மாறும். சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், ஃப்ரீமான்ட், சான் ஹொசே எல்லாம் சேர்த்து, நுண்துகள் மாசுக்காக 'ஸ்பேர் தி ஏர்' எச்சரிக்கை விடுக்கும் நாள்களில் விறகு எரிப்பது சட்டவிரோதம். வீட்டுக்குள் மட்டுமல்ல, வெளியே பிட்டில் எரிப்பதும்தான். தீ எளிதில் பரவும் என்று தேசிய வானிலைச் சேவை ரெட் ஃபிளாக் எச்சரிக்கை தரும் நாளில் எந்த ஊரிலும் மூட்டாதீர்கள். எல்லைக்கு அப்பால் டொரன்டோ மாநகரில் கொல்லையில் விறகு எரிப்பதற்கே இடமில்லை. அங்கீகாரம் பெற்ற கேஸ் சாதனம் மட்டும்தான். அங்கே ஸ்கார்பரோவில் வீடு வாங்கிய உறவினருக்கு நீங்கள் விறகு பிட்டைப் பரிசாக அனுப்பினால் அது கராஜிலேயே கிடக்கும்.

விறகா, கேஸா?

பத்தரை மணிக் கேள்விக்கு இப்போது வரலாம்.

கேஸ் பிட்டின் பெரிய குணம், குமிழைத் திருப்பினால் அணைந்துவிடும் என்பது. வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பது நிமிஷம் வெளியே உட்கார்ந்துவிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைக்கப் போகிறவர்களுக்கு விறகு சரிப்படாது. விறகு பற்றவே கால் மணி நேரம் வேண்டும். சுடர் அடங்க ஒரு மணி நேரம். வார நாள் மாலைகளுக்குக் கேஸ், சனிக்கிழமை இரவுக்கு விறகு என்று பிரித்துக்கொண்டால் தவறாது. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், எந்த மாலைகள் உங்களுக்கு உண்மையில் வாய்க்கின்றன என்று காலண்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

புரொபேன் கணக்கைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். மேசை வடிவக் கேஸ் பிட்டுகளின் வெப்பத் திறனை மணிக்கு எத்தனை பிடியூ என்ற அளவில் எழுதியிருப்பார்கள். 30,000 முதல் 60,000 வரை சாதாரணம். ஒரு பவுண்டு புரொபேனில் ஏறக்குறைய 21,500 பிடியூ இருக்கிறது. 20 பவுண்டு சிலிண்டர் முழுதாக நிரம்பியிருந்தால், 50,000 பிடியூ பிட்டை முழு வேகத்தில் எட்டரை மணி நேரம் எரிக்கலாம். ஆனால் கடை வாசல் கூண்டில் காலி சிலிண்டரைக் கொடுத்து மாற்றி வாங்குவதில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் நிரப்பியிருப்பார்கள். அது ஆறரை மணி நேரத்துக்குத்தான் வரும். நிரப்பித் தரும் நிலையத்துக்கு எடுத்துப் போனால் அதே சிலிண்டரில் முழு அளவு கிடைக்கும்.

புரொபேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் மேசையின் பெட்டிக்குள் அடியில் தங்கும். நம் ஊர் சமையல் கேஸ் மாதிரியேதான். அதனால் பெட்டியின் கீழ்ப்பக்கம் காற்றுத் திறப்புகள் உள்ள மாடலாகப் பார்த்து எடுங்கள். ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வரும் இயற்கை எரிவாயுக் குழாயிலிருந்து தனி இணைப்பு இழுப்பதென்றால் உரிமம் உள்ள பிளம்பர், நகர அனுமதி இரண்டும் தேவை. புரொபேன் பர்னரும் இயற்கை எரிவாயு பர்னரும் ஒன்றல்ல. இரண்டுக்கும் துளையின் அளவு வேறு. உரிய மாற்றுப் பாகம் இல்லாமல் ஒன்றை மற்றதோடு இணைக்கவே கூடாது.

கேஸ் பிட்டில் நிரப்பி வரும் லாவா கல்லையும் கண்ணாடித் துண்டுகளையும் எடுத்துவிட்டு, அழகுக்காக ஆற்றுக் கூழாங்கல்லைப் போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். கூழாங்கல்லுக்குள் இருக்கும் ஈரம் நீராவியாகிக் கல்லே வெடித்துச் சிதறும்.

குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். கேஸ் நெருப்பின் சூடு பெரும்பகுதி மேலே போய்விடுகிறது. நியூஜெர்சியின் நவம்பர் இரவில் அதை நம்பி எட்டுப் பேரைக் கூப்பிட்டால் எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு மேசையை ஒட்டியே உட்கார்ந்திருப்பார்கள். சோளக்கதிர் சுடவும் அது ஆகாது. கொழுப்பும் பாகும் சொட்டினால் பர்னர் அடைத்துக்கொள்ளும்.

சூட்டுக்கும் சமையலுக்கும் விறகுதான். கங்கில் புதைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தணலில் தோல் கருகிய கத்தரிக்காய், எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்த சோளம் இதற்கெல்லாம் ஈடு கிடையாது. விறகு எரிக்கும் வீட்டில் கடைசி மணி நேரம் விழித்திருக்கத் தயாரான ஓர் ஆள் இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

மூன்றாவது வகை ஒன்றையும் சொல்லிவிட்டு அதைத் தள்ளி வைக்கலாம். மேசை மேல் வைக்கும் சிறு கிண்ணங்களில் ஆல்கஹால் ஊற்றி எரிக்கும் பிட்டுகள் நிறைய விற்கின்றன. பார்க்க விளக்கு மாதிரி அழகாக இருக்கும். ஆல்கஹால் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றும்போது சுடர் பாட்டிலுக்குத் தாவி, எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல் பீய்ச்சி அடிக்கும். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில், 2019 முதல் இரண்டு மரணங்களும் குறைந்தது 60 காயங்களும் நேர்ந்திருப்பதைச் சொல்லி, திறந்த கிண்ணத்தில் திரவத்தை ஊற்றி எரிக்கும் இத்தகைய பிட்டுகளை உடனே நிறுத்தச் சொன்னது. பரிசாக வந்திருந்தாலும் பயன்படுத்தாதீர்கள். வேறு யாருக்கும் கொடுத்துவிடவும் வேண்டாம்.

விறகு பிட்டில் எதை எடுப்பது?

மலிவானது மெல்லிய இரும்புக் கிண்ணம். கறுப்புப் பெயின்ட் அடித்து, மேலே கம்பிவலை மூடியோடு வரும். முதல் இரண்டு குளிர்காலத்துக்குத் தாங்கும். பிறகு அடிப்பாகம் ஓட்டையாகும். ஆனால் ஒன்று, சூட்டை நாலா பக்கமும் கால் மட்டத்தில் தருவது இதுதான். நெருப்பு உங்களுக்குப் பழகுமா என்று பார்க்க இதை வாங்கி ஒரு பருவம் எரிப்பதில் தப்பே இல்லை.

இப்போது எல்லோரும் கேட்பது புகை குறைந்த இரட்டைச் சுவர்ப் பிட். அது வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் வாங்கியதன் பலன் கிடைக்கும். விறகு சூடேறும்போது அதிலிருந்து வாயுக்கள் கிளம்புகின்றன. அவை எரிந்தால் சுடர். எரியாமல் தப்பினால் புகை. இந்தப் பிட்டில் அடியிலுள்ள துளைகள் வழியே காற்று இரண்டு சுவர்களுக்கும் நடுவில் ஏறி, நன்றாகச் சூடாகி, மேல்விளிம்பின் உட்புறத் துளைகளால் வெளியே வருகிறது. தப்பிக்கப் பார்க்கும் வாயு அந்தச் சூடான காற்றில் பட்டு அங்கேயே எரிந்துவிடுகிறது. துளைகளிலிருந்தே சிறு சிறு சுடர்கள் உள்நோக்கி நீள்வதைப் பார்க்கலாம். அது தெரிந்தால் பிட் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மூட்டிய முதல் பத்துப் பதினைந்து நிமிஷம், சுவர் சூடேறும்வரை, இதுவும் புகைக்கத்தான் செய்யும். மேல் துளைகளுக்கு மேலே விறகை அடுக்கினாலும் புகைக்கும். ஈர விறகைப் போட்டால் முந்நூறு டாலர் பிட்டும் முப்பது டாலர் கிண்ணமும் ஒன்றுதான். ஆழமான உருளை என்பதால் சூடு மேலே போகிறது; முகம் சுடும், பாதம் குளிரும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

அளவு எடுக்கும்போது பிட்டின் அழகைவிட விறகின் நீளத்தைப் பாருங்கள். கடைகளில் கிடைக்கும் விறகு பெரும்பாலும் 16 அங்குல நீளத்தில் வெட்டியது. 15 அங்குல பிட்டில் அது நிமிர்ந்து நிற்கும். நீங்கள் ரம்பத்தோடு நிற்பீர்கள். சோலோ ஸ்டவ்வின் பான்ஃபயர் மாடல் 19.5 அங்குலம், யூகான் 27 அங்குலம். பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் கவுண்டியில் தயாராகும் பிரியோ பிட்டுகளில் 19, 24, 30 அங்குல அளவுகள் உண்டு. நாலைந்து பேர் உட்காரும் கொல்லைக்கு 19 முதல் 24 அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் விறகைத் தின்னும். மாலைக்கு இரண்டு கட்டு பற்றாது.

உலோகத்தில், துருவேறாத எஃகு சூட்டில் பழுப்பும் நீலமுமாக நிறம் மாறும், ஆனால் உழைக்கும். கார்டென் எனப்படும் எஃகு மேலே துருப்படலம் பிடித்து அதனாலேயே பாதுகாப்படைவது. பார்க்க மண் நிறத்தில் அருமையாக இருக்கும். முதல் சில மாதங்கள் மழையில் அதிலிருந்து வடியும் செந்நீர் கான்கிரீட்டில் கறையாகப் படியும். வெள்ளைத் தளம் போட்டவர்கள் அதைச் சரளை மேல் வைப்பது நல்லது. களிமண்ணால் ஆன மெக்சிகோ பாணிச் சிமினியா புகையை உயரே அனுப்பும், முன்பக்கம் மட்டும் சூடு தரும், பனியில் விரிசல் விடும். கொல்லை மூலையில் இரண்டு பேர் உட்கார ஏற்றது.

25 அடி தூரமும் நிரந்தரமாகக் கட்டும் மனமும் உள்ளவர்கள் 36 அங்குல உள்விட்டம், 12 முதல் 14 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். தோண்டும் முன் 811 என்ற எண்ணுக்கு அழையுங்கள். கேஸ், மின்சாரக் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று இலவசமாக வந்து குறித்துவிட்டுப் போவார்கள். அடியில் ஆறங்குலம் சரளை போட்டால் மழைநீர் தேங்காது. நெருப்பைத் தொடும் உள்சுவருக்குத் தீச்செங்கல்லோ கனமான எஃகு வளையமோ கட்டாயம் வேண்டும். தோட்டச் சுவருக்கு விற்கும் சாதாரண கான்கிரீட் கல் நேரடிச் சூட்டில் விரிசல் விடும், சில நேரம் தெறிக்கும்.

எரிப்பது எது?

பிட்டுக்குச் செலவழித்த கவனத்தில் பாதியையாவது விறகுக்குக் கொடுங்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். குத்திப் பார்க்கும் மீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. விறகைப் பிளந்து உட்புறத்தில் குத்துங்கள். மீட்டர் இல்லாவிட்டால் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது தொப்பென்று கேட்கும். காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விரிசல்கள் ஓடியிருக்கும். ஓக் போன்ற வன்மரம் பிளந்து அடுக்கிய பிறகு ஒரு வருஷமாவது காய வேண்டும். பைன் ஆறு மாதத்தில் காய்ந்துவிடும், சுறுசுறுவென்று பிடிக்கும், பொறியும் அதிகம் பறக்கும்.

விறகை உள்ளூரிலேயே வாங்குங்கள். முகாம் போன இடத்தில் மிஞ்சிய விறகை டிக்கியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது பெரிய தப்பு. ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை வண்டு ஒன்றை 2002இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அது கொன்றிருக்கிறது. தானாகப் பறந்து போனதைவிட, பட்டைக்குள் ஒளிந்து விறகோடு வண்டியேறித்தான் அது மாநிலம் மாநிலமாகத் தொலைதூரம் போனது.

போகி வரும்போது பழைய டெக் பலகையையும் உடைந்த நாற்காலியையும் பிட்டில் போடத் தோன்றும். போடாதீர்கள். 2003 கடைசிவரை வீடுகளுக்கு விற்ற பதப்படுத்திய மரத்தில் ஆர்சனிக் கலந்திருந்தது. எரித்தால் அது புகையிலும் சாம்பலிலும் இருக்கும். பெயின்ட் அடித்தது, பிளைவுட், பிளாஸ்டிக் பாய் எல்லாவற்றுக்கும் இதே தடை. சரக்குப் பலகைகளில் எம்.பி. என்று முத்திரை இருந்தால் அது மெத்தில் புரோமைடு வாயு காட்டியது, தொடவே வேண்டாம். கொல்லையில் வெட்டிய செடிகளிலும் கவனம் தேவை. கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் வேலியோரம் வளரும் அரளி நம் ஊர் அரளியேதான். அதன் புகையும் நஞ்சு. அதன் குச்சியைச் சீவி மார்ஷ்மெல்லோ குத்திச் சுடுவதும் ஆபத்து. பாய்சன் ஐவி கொடி சுற்றிய கட்டையை எரித்தால் தோலில் வரும் அரிப்பு நுரையீரலுக்குள் வரும்.

மூட்டுவதற்குப் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஒருபோதும் வேண்டாம். தடித்த கட்டைகளை அடியிலும் மெல்லியவற்றை மேலேயும் அடுக்கி, உச்சியில் பற்றவையுங்கள். நெருப்பு மெல்லக் கீழிறங்கும். புகை வெகுவாகக் குறையும். இந்திய மளிகைக் கடையில் வாங்கும் தேங்காயின் குடுமி நாரைப் பிய்த்துக் காயவைத்துச் சேர்த்து வைத்தால் அதைவிட நல்ல பற்றுபொருள் கிடையாது. சூடமும் பற்றும், ஆனால் சமைக்கப் போகிற நெருப்பில் வேண்டாம்.

சுற்றி உட்காருகிறவர்கள்

பிட்டின் விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளிக் கோலப்பொடியால் ஒரு வட்டம் போடுங்கள். குழந்தைகள் அதைத் தாண்டக்கூடாது. வாய்மொழியாகச் சொல்வதைவிடக் கண்ணுக்குத் தெரியும் கோட்டைப் பிள்ளைகள் மதிக்கிறார்கள். நாற்காலிகள் அந்தக் கோட்டுக்கு வெளியே, எழுந்து பின்னால் நகர இடம் இருக்கும்படி. துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள். முந்தானையை இடுப்பில் செருகுங்கள். நைலானும் பாலியெஸ்டரும் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தியும் கம்பளியும் மேல். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாய், ஒரு வாளி மணல், முடிந்தால் 4-ஏ தரத் தீயணைப்பான் இருக்கட்டும். சுட்டுக்கொண்டால் ஓடும் குளிர்நீரில் குறைந்தது பத்து நிமிஷம், முடிந்தால் இருபது நிமிஷம் பிடியுங்கள். பற்பசை, நெய், மஞ்சள் எதுவும் தடவாதீர்கள். ஐஸும் வைக்காதீர்கள்.

அணைப்பது

படுக்கப் போகும் நேரத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்திவிட வேண்டும். பேச்சு சூடு பிடித்திருக்கும்போது யாராவது இன்னொரு கட்டையைத் தூக்கிப் போடுவார்கள். அதைத் தடுப்பது வீட்டுக்காரரின் வேலை. கல் வளையமாக இருந்தால் கங்குகளைப் பரப்பி, தண்ணீரை மெதுவாகத் தெளித்து, கிளறி, மறுபடி தெளித்து, சீறல் சத்தம் முழுதும் அடங்கும்வரை செய்யுங்கள். எஃகுப் பிட்டில் சூடாக இருக்கும்போது தண்ணீர் கொட்டினால் உலோகம் நெளியும், நீராவி முகத்தில் அடிக்கும். அது தானாக எரிந்து தணியக் காத்திருப்பதுதான் வழி. மூடி போட்டால் சுடர் அடங்கும், கங்கு அடங்காது.

சாம்பல் போர்வைக்கு அடியில் கங்கு மறுநாள் காலைவரை உயிரோடு இருக்கும். மேலே சாம்பல் வெளுத்து, தூசி மாதிரி, குளிர்ந்தது போலத்தான் தெரியும். காலையில் பந்தைத் தேடிக் கொல்லைக்கு ஓடும் குழந்தை அதில் கையை வைக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில், இரவு எவ்வளவு நேரமானாலும், சாம்பலைக் கிளறி, புறங்கையை அதன் மேலே கொண்டுபோய்ச் சூடு தெரியவில்லை என்று உறுதி செய்யாமல் கதவைச் சாத்தக்கூடாது. அதற்குப் பொறுமை இல்லாத வீடு கேஸ் பிட் வாங்க வேண்டிய வீடு. நான் இதில் சமரசம் செய்துகொள்ள மாட்டேன்.

ஆறிய சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டிலிருந்து பத்தடி தள்ளி, கராஜுக்கு வெளியே, இரண்டு மூன்று நாள் வையுங்கள். காகிதப் பையும் பிளாஸ்டிக் தொட்டியும் இதற்கு ஆகாது. சுத்தமான விறகின் சாம்பலைக் காய்கறிப் பாத்தியில் மெல்லியதாகத் தூவலாம், மண் அமிலத்தன்மை உள்ளதாக இருந்தால். நியூஜெர்சியிலும் கரோலினாவிலும் பெரும்பாலும் பொருந்தும். டல்லாஸ் பக்கத்துக் கரிசல் மண் ஏற்கெனவே காரத்தன்மை கொண்டது. அங்கே சாம்பல் போட்டால் கெடுதல்தான். புளூபெர்ரிக்கும், நீங்கள் பொத்திப் பொத்தி வளர்க்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் எந்த ஊரிலும் வேண்டாம்.